புதுச்சத்திரத்திலிருந்து சேலம் ஆசுபத்திரிக்கு

புதுச்சத்திரத்திலிருந்து சேலத்துக்கு இருபத்தைந்து மைல். இப்போது பஸ்ஸில் ஒரு மணி நேரம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதித் தருகிறார். அந்த வழியில் போகிறவர்களுக்காக, நான் ஒருமுறை போனதைச் சொல்கிறேன்.

இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். என் மகன் முத்துவுக்கு ஆறு வயது. தொண்டை வீங்கி மூச்சு இழுத்தது. சேலம் பெரிய ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனால்தான் பிழைப்பான் என்றார் வைத்தியர். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய ஒரே பஸ்ஸும் காலையிலேயே போய்விட்டது. பக்கத்துத் தோட்டத்துச் செங்கோடண்ணன், நான் கேட்காமலே கூண்டு வண்டியைப் பூட்டினார். வாடகைப் பேச்சே இல்லை. பொழுது இறங்கக் கிளம்பினோம். விடியும்போது சேலத்தில் இருக்கலாம்.

"நீ பையனப் பாரு தம்பி. கவுத்தப் புடிச்சுக்கிட்டே ஓட்டறவனெல்லாம் வண்டிக்காரனா? மாடு தானாப் போயிரும்" என்றார்.

பொய்யில்லை. வாராவாரம் சேலத்துக்குக் கடலைக்காய் இழுத்த அவருடைய பழைய ஜோடி, அவர் தூங்கினாலும் மண்டி வாசலில் போய்த்தான் நிற்கும். ஆனால் அதை விற்றுப் புது ஜோடி வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. பழக்கம் மாட்டுக்கு மட்டுமா? அண்ணன் கண்ணயர்ந்துவிட்டார். நானும் என் மனைவி பாவாயியும் கூண்டுக்குள் பையனின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெளுக்கும் நேரத்தில் வண்டி நின்றது. எட்டிப் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் போயிருக்க வேண்டிய கொல்லிமலை கண்ணுக்கு எதிரே நின்றது. மாடுகள் ஒரு வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் வாயை வைத்திருந்தன.

"அட, என்ற செவலை!" என்று ஓடிவந்தார் வீட்டுக்காரர். அந்த மாடுகளை விற்றவர் அவர்தான்.

பாவாயி பையனைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். "ஏனுங்க, ஆசுபத்திரி இதுங்களா?"

"இது நாமகிரிப்பேட்டைப் பக்கமுங்க அம்மணி. சேலம் இன்னும் இருபது மைலுக்கு மேல போகோணும்."

அண்ணன் சாட்டையை ஓங்கினார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். மாடு என்ன தப்புச் செய்தது? தன் வீட்டுக்குத்தானே வந்தது.

வீட்டுக்காரர் தன்னுடைய வேறு ஜோடியைப் பூட்டி, அவரே விரட்டினார். மல்லூருக்கு முன்னால் முத்து கண்ணைத் திறந்தான்.

"சேலம் வந்துருச்சுங்களாப்பா?"

"வந்துருச்சு சாமி."

சரி என்பதுபோலத் தலையை என் தோளில் வைத்தான். அதற்குப் பிறகு தூக்கவில்லை.

பாவாயி என்னை நம்பினாள். நான் அண்ணனை நம்பினேன். அண்ணன் மாட்டை நம்பினார். மாடு தன் பழைய தொட்டியை நம்பியது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. திட்டுவதற்காவது ஒருவர் இருந்திருக்கலாம் என்று பாவாயி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கம் போனால், ஆண்டகளூர் கேட்டில் நேரே போவது சேலம் ரோடு. வலது கைப்பக்கம் பிரிவது ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, ஆத்தூர் போவது. ஓட்டுகிறவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் அங்கே தலையை நீட்டிப் பாருங்கள். எங்கே போகிறோம் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.