பிலிம் டப்பாவில் வந்த மகரந்தம்

ஹூஸ்டனில் ஒரு கண்ணாடிப் பசுமைக்கூடம். மெக்சிகோ காட்டிலிருந்து வந்த குட்டைப் பனை மஞ்சளாகப் பூத்து நிற்கிறது. பெண் மரம், இதுவரை ஒரு காய்கூடக் காய்த்ததில்லை. காடென்றால் காற்றும் கடுகைவிடச் சின்னப் பூச்சிகளும் ஆண் மரத்து மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். இங்கே காற்று கிடையாது, மருந்தடிப்பதால் பூச்சியும் கிடையாது. அதனால் நான் இருக்கும் நியூ ஜெர்சியில் பூத்த ஆண் மரத்தின் மகரந்தத்தை கேமரா பிலிம் டப்பாவில் போட்டு, பஸ் பிடித்து வந்து, பிரஷ்ஷால் தடவிக்கொண்டிருக்கிறேன்.

“பூச்சியின்ட வேலைக்கு இவ்வளவு தூரமோ தம்பி?” செடிகளுக்குத் தண்ணீர் விடும் யாழ்ப்பாணத்து ஆன்ட்டி சிரிக்கிறார்.

“காய் பிடிச்சா போன் பண்ணுங்க ஆன்ட்டி.”

“எப்ப போன் எடுத்தா வீட்டில ஆள் இருக்கும்?”

“ஆள் இருக்காது, பேசுறதைப் பதிவு பண்ணுற மெஷின்தான் எடுக்கும். டேப் தீர்ற வரைக்கும் பேசுங்க.”