கறை எடுக்கும் என் தங்கை

உப்புவெளி விடுதிகளில் துணி தோய்ப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் விரிப்பில் தேநீரோ எண்ணெயோ ஊற்றிவிட்டால் என் தங்கை றஜிதாவைத்தான் தேடுவார்கள். அவள் கைபட்டால் கறை இருந்த இடமே தெரியாது. சொந்தத் தங்கை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கொஞ்சம் அதற்காகவும்தான்.

அவளுடைய மகள் லதுசாவுக்குக் கைக்குழந்தையிலேயே உடம்பில் பழுப்புப் புள்ளிகள் வந்தன. முதுகில் இருந்தவை தட்டையானவை. வயிற்றில் இருந்தவை பயறளவு தடித்தவை. தொடையில் ஒன்று மஞ்சளாகப் புடைத்திருந்தது. றஜிதா சுடுநீரும் பீர்க்கம் நாருமாக இறங்கினாள். தேய்த்த இடம் சிவந்து வீங்கியது. வீங்கியதைக் கண்டு இன்னும் தேய்த்தாள்.

“பிள்ளை என்ன பெட்சீற்றா, றஜி?”

“நீங்கள் சும்மா இருங்கோ அக்கா. ஊத்தை மேலால வருது.”

இந்த வருடம் முன்பள்ளியில் சேர்க்கப் போனபோது குணமணி ரீச்சர் தயங்கினார். “தொத்துற வருத்தமோ எண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ.” லதுசா புதுச் சப்பாத்தைக் கழற்ற மாட்டேன் என்று வீடு முழுக்க அழுதாள்.

தோல் டொக்டர் ஒரு புள்ளியைப் பேனா முனையால் மெல்லத் தேய்த்தார். அது தடித்து எழுந்தது.

“இதுதான் அடையாளம். மாஸ்டோசைட்டோசிஸ் எண்டு பேர். தொத்தாது. அநேகமா வளர வளரக் குறையும். சுடுதண்ணி வேண்டாம், தேய்க்கவும் கூடாது. ஆர் இப்பிடித் தேய்க்கிறது?”

தங்கை என்னைப் பார்த்தாள். நான் தேய்த்ததுபோல!

டொக்டர் சொன்னதை ரீச்சர் ஏற்றுக்கொண்டார். ஆனால் வகுப்பில் பிள்ளையை விட வந்திருந்த இன்னொரு தாய், புஸ்பராணி, தன் மகனை இழுத்து அணைத்துக்கொண்டாள். “டொக்டர்மார் சொல்லுவினம். அவையின்ர பிள்ளையே பக்கத்தில இருக்கப் போகுது?”

நாலு பேர் முன்னால் வாய் திறக்காத றஜிதா இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“நாலு வருசமா இந்தக் கையாலதான் தேய்ச்சனான், விசரி மாதிரி. ஒரு புள்ளி காட்டுங்கோ பாப்பம்.”

புஸ்பராணி உண்மையாகவே கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“சவுக்காரம் திண்ட வெடிப்புத்தான் கிடக்கு,” என்று சிரித்துவிட்டாள். “திலக்சன், அங்கால தள்ளி இரடா. தங்கச்சிக்கு இடம் விடு.”

லதுசா போய் இருந்தாள். தாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ் தரிப்பு வரைக்கும் அழுதுகொண்டு வந்தது என் தங்கைதான்.