பஞ்சர் கடைச் சோறு

நல்ல சாப்பாட்டுக் கடையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று யாராவது என்னிடம் கேட்டுவிட்டால் போதும், ஒரு காலத்தில் நின்ற இடத்திலேயே பிரசங்கம் செய்துவிடுவேன். மெனு அட்டை இருந்தால் உள்ளே கால் வைக்காதே. முதலாளி சிரித்தால் சந்தேகப்படு. மின்விசிறி முனகாத கடையில் ரசம் சரியாக இருக்காது. சுவரில் செடி வளர்த்தால் சமையலில் கவனம் இல்லை என்று பொருள். இப்படி என்னிடம் சித்தாந்தங்கள் நிறைய இருந்தன. அலுவலகத்தில் டீ குடிக்கும் நேரத்தில் இளம் பையன்கள் என்னைச் சுற்றி நின்று கேட்பார்கள். கேட்டுவிட்டு, செல்போனில் பிரியாணி வரவழைத்துச் சாப்பிடுவார்கள்.

"இத்தனை தெரிஞ்ச மனுசன், என்னைய ஒரு நாளாவது நல்ல கடைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கியளா?" என்று என் மனைவி கேட்பாள். அவள் கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. எனக்குக் கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை. இருவரும் நாஞ்சில் நாட்டுக் குடும்பத்தினர். எங்கள் அப்பாக்கள் இந்த மலையாளத் தலைநகருக்குப் பிழைக்க வந்து, பழவங்காடியில் அடுத்தடுத்துக் கடை வைத்தவர்கள். சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது எங்களுக்குப் பிறவிக் குணம். ஆனால் அவளை வெளியே அழைத்துப் போக வேண்டிய நாட்களில் நான் என் சித்தாந்தங்களை வீட்டில் வைத்துவிட்டு, கார் நிறுத்த இடமிருக்கும் பெரிய ஓட்டல் எதிலாவது கொண்டுபோய் உட்கார்த்திவிடுவேன்.

காரணம் உண்டு. என்னிடம் ஒரு கடை இருந்தது. அதை யாரிடமும் சொல்வதாக இல்லை.

அதைக் கண்டுபிடித்ததில் என் சித்தாந்தங்களுக்கு எந்தப் பங்கும் கிடையாது. ஒரு நாள் மதியம் ஸ்கூட்டரின் பின் சக்கரம் காற்றுப் போய்விட்டது. மேம்பாலத்துக்குக் கீழே சர்வீஸ் ரோட்டில் உருட்டிக்கொண்டு வந்தபோது, ஒரு சந்துக்குள் 'பஞ்சர்' என்று மலையாளத்தில் எழுதிய தகர போர்டு தெரிந்தது. வியர்த்து விறுவிறுத்து வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். உள்ளேயிருந்து கரண்டியோடு ஒரு பெண்மணி வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"பஞ்சர் ஒட்டுத ஆளு கடைய விட்டுட்டுப் போயி வருசமாச்சு சாறே. சோறு உண்டு. வேணுமா?"

சாரை 'சாறே' என்ற பேச்சிலேயே தெரிந்தது, மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். பெஞ்சில் உட்கார்ந்தேன். குத்தரிசிச் சோறு, வறுத்தரைத்த சாளை மீன் குழம்பு, மரச்சீனிக் கிழங்கு மசித்தது, முருங்கையிலைத் துவரன். முதல் வாய் வைத்ததும் எனக்கு ஸ்கூட்டர் மறந்துபோயிற்று. அந்தக் குழம்பைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. சொல்லிச் சொல்லித்தான் எல்லாம் கெட்டது. மாங்காய்த் துண்டு ஒன்று அதில் மீனைவிடப் பெரிதாகக் கிடந்தது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அன்று முதல் அலுவலகக் காண்டீனுக்கும் எனக்கும் உறவு அறுந்தது. அந்த அம்மாள் சிரிப்பதில்லை. மெனு இல்லை. மின்விசிறி முனகியது. சித்தாந்தங்கள் எல்லாம் சரியாக வந்ததில் எனக்குப் பெருமை பொங்கியது. எல்லாவற்றுக்கும் மேலாக அந்த 'பஞ்சர்' போர்டு! நகரத்தில் எவனுக்கும் புலப்படாத மறைவிடம். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சிலர் டயரை உருட்டிக்கொண்டு வந்து ஏமாந்து போவார்கள். எனக்கு அது வேடிக்கையாக இருக்கும். அந்த அம்மாளுக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்டதில்லை.

"சாறே, ஒங்க ஆபீஸ்ல எத்தர ஆளு உண்டு?" என்று ஒருமுறை கேட்டார்.

"நிறையப் பேர்."

"கொஞ்சம் ஆளுகளக் கூட்டிட்டு வரக்கூடாதா?"

"பார்க்கலாம்" என்று சொல்லி, இன்னொரு அகப்பை குழம்பு வாங்கிக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கம் ஒரு முடிவெடுத்தது. செயலாளர் ஓய்வுபெற்ற அரசு அதிகாரி. ஓய்வுபெற்றதை அவருக்கு யாரும் தெரிவிக்கவில்லை என்றே நான் நினைத்துக்கொள்வேன். தண்ணீர்த் தொட்டி கழுவுவதற்குக்கூடத் துணைக்குழு அமைப்பார். ஆண்டு விழாவில் நம் வட்டாரத்தின் சிறந்த சிறு உணவகத்துக்குக் கேடயம் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. கிளைகள் உள்ள கடை கூடாது. சொந்தமாக நடத்தும் கடையாக இருக்க வேண்டும். நடுவர் குழுவில் அவர், பதினோராவது மாடியில் குடியிருக்கும் கண்ணூர்க்கார சாப்ட்வேர் இளைஞன், பிறகு நான்.

"தமிழர்மார்க்கும் ஒரு பிரதிநிதி வேணமல்லோ" என்றார் செயலாளர். என் நாக்கைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார் என்று நினைத்து நான் வீட்டில் பெருமையடித்திருந்தேன். அவர் சொன்னதைக் கேட்டு என் மனைவி சிரித்த சிரிப்பு இரண்டு நாள் நீடித்தது.

ஞாயிறுதோறும் செயலாளரின் காரில் கிளம்பினோம். ருசிக்கு மதிப்பெண், சுத்தத்துக்கு மதிப்பெண், 'ஆம்பியன்ஸ்'க்கு மதிப்பெண், பார்க்கிங்குக்கு மதிப்பெண். மற்றதெல்லாம் எப்படிப் போனாலும் பார்க்கிங்கில் செயலாளர் கறாராக இருந்தார். ஒரு கடையில் புட்டும் கடலையும் அமிர்தமாக இருந்தது. அவர் சாப்பிட்ட நேரம் முழுவதும் திரும்பித் திரும்பிக் காரையே பார்த்துக்கொண்டிருந்ததால் புட்டு எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. இளைஞனோ சாப்பாடு வந்ததும் யாரையும் தொட விடமாட்டான். செல்போனைத் தாங்கியில் நிறுத்தி, தோசையை ஒரு பக்கமாகத் திருப்பி, சட்னியை நகர்த்தி, ஆவி வரவில்லை என்று மீண்டும் சூடாகக் கேட்பான். அந்த மாதங்களில் நான் ஆறிய தோசைகளின் ருசியில் நிபுணனாகிவிட்டேன்.

செய்தி குடியிருப்பில் பரவியது. லிப்டில் முன்பின் பேசாதவர்கள் எனக்கு வணக்கம் வைத்தார்கள். மூன்றாவது மாடிக்காரர் தன் மைத்துனரின் ஜூஸ் கடை 'சிறு உணவகம்' என்ற வரையறைக்குள் வரும் என்று மொட்டை மாடியில் நிறுத்தி வாதாடினார். ஐந்தாவது மாடி அம்மா ஒருவர், வீட்டிலேயே சமைத்து ஆள் வைத்து அனுப்பும் தன் கிளவுட் கிச்சனும் கடைதான் என்றார். கடைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. நாங்கள் நடுவர்கள் என்று தெரிந்ததும் கேட்காத பாயசமெல்லாம் வந்தது. செயலாளர் அதைக் கடுமையாகக் கண்டித்துவிட்டு, குடித்தார்.

ஒரு ஞாயிறு, காரில் ஏறியதும் இளைஞன் சொன்னான்: "அங்கிள், ஒரு பஞ்சர் ஷாப் உண்டு. அவிடெ மீன்கறி சூப்பராணென்னு டீமில் ஒருத்தன் பறஞ்ஞு."

"அது பஞ்சர் கடைதான், போய்ப் பயனில்லை" என்றேன். கார் அதற்குள் சர்வீஸ் ரோட்டில் திரும்பிவிட்டது.

அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் முதன்முறையாகச் சிரித்தார். "அப்பாடா, சாறு ஆளுகளக் கூட்டிட்டு வந்தாச்சு! எத்தர நாளா பறஞ்சேன்!" பெஞ்சைத் துடைத்தார். வீட்டுக்காரரைச் சந்தைக்கு விரட்டி வாழையிலை வாங்கிவரச் சொன்னார். நான் யாரையோ பார்ப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். செயலாளர் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்.

அன்று இளைஞன் செல்போனை எடுக்கவே இல்லை. எடுக்கக் கை சும்மா இருந்தால்தானே. செயலாளர் இரண்டாவது முறை மரச்சீனி வாங்கினார், நெற்றி வியர்வையைத் துடைத்தார், குழம்புச் சட்டியில் என்ன மிச்சம் என்று எட்டிப் பார்த்தார். காரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் காரில் ஏறியதும் அரசு அதிகாரி திரும்பி வந்துவிட்டார். "ருசி உண்டு, சம்மதிச்சு. பக்ஷே சாறே, பார்க்கிங் இல்லாத்த ஸ்தலத்து ஆளு எங்ஙனெ வரும்? போர்டும் பஞ்சர்!"

இந்தச் சந்தர்ப்பத்தை நான் விடவில்லை. அப்படிப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. புகழ் என்பது சமையலறைக்குள் புகுந்த பூனை என்றேன். கூட்டம் வந்தால் தேங்காயை வறுக்க நேரமிருக்காது என்றேன். நாம் நிஜமாகவே நல்ல கடையை நேசிக்கிறோம் என்றால், அதைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் மரியாதை என்றேன். இளைஞன் கண் கலங்கிவிட்டான் என்றே நினைக்கிறேன். செயலாளருக்குத் தத்துவம் பிடிபடவில்லை. பார்க்கிங் இல்லாத கடையை விட்டுவிட ஒரு காரணம் கிடைத்ததே போதுமாக இருந்தது. கேடயம் பைபாஸ் ஓரத்தில் சுவரெல்லாம் செடி வளர்த்த ஒரு கடைக்கு என்று காரிலேயே முடிவானது. அதன் முதலாளிக்கு நகரில் வேறு மூன்று கடைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வேறு பெயர் என்பதால் அவை கிளைகள் ஆகா என்று செயலாளர் தீர்ப்பளித்தார்.

மறுநாள் மதியம் பஞ்சர் கடைக்குப் போனேன். ஒரு உபகாரத்தைச் செய்துவிட்டு வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்க என்னால் முடியாது. நேற்று வந்தவர்கள் யார், எதற்கு வந்தார்கள், நான் எப்படி வாதாடி இந்தக் கடையைப் பரிசிலிருந்து காப்பாற்றினேன் என்று விவரமாகச் சொன்னேன்.

அந்த அம்மாள் அகப்பையைச் சட்டியில் வைத்தார்.

"காப்பாத்தினியளா? எதுலேருந்து?"

"கூட்டம் வந்து ருசி கெட்டுப் போகாம..."

"சாறே, ஒங்களுக்கு என்ன கிறுக்கா? பக்கத்து முறிய வாடகைக்கு எடுக்க அட்வான்ஸ் குடுத்துட்டு இருக்கேனாக்கும் நான். ஆளு வரல்லியேன்னு தெனம் பாக்கிச் சோத்த பசுவுக்குப் போடுதேன். நீங்க போயி பரிச வேண்டாம்னு பறஞ்சியளா? ஆருகிட்ட கேட்டிய?"

"இந்தச் சின்னக் கடையோட அழகே..."

"என்ன அழகு? அந்த போர்ட எறக்க ஏணி இல்லாம கெடக்கு. டயர உருட்டிட்டு வாற ஆளுகளுக்குப் பதில் பறஞ்சு எனக்கத் தொண்ட போச்சு. நான் நாலு பெஞ்ச வச்சு கஷ்டப்பட்டாத்தான் ஒங்களுக்கு சோறு எறங்குமா?"

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் என் முகத்தைப் பார்க்காமலிருக்க இலையைக் கூர்ந்து பார்த்தார். எனக்குச் சோறு வந்தது. அதன்மேல் சாம்பார் வந்தது.

"மீன்?" என்றேன்.

"தீந்து போச்சு."

உள்ளே சட்டியில் மீன் பொரியும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்த நாளும் சாம்பார். அந்த வாரம் முழுவதும் எனக்கு மட்டும் கடலில் மீன் இல்லை.

அவர் என்னை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு மாலை எங்கள் குடியிருப்பின் வாசலில் தூக்குச்சட்டியோடு நின்றார். காவலாளியிடம் செயலாளரின் வீடு எது என்று விசாரித்து, நேரே மேலே போய், செயலாளரின் மனைவியின் கையில் சட்டியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அன்று இரவுச் சாப்பாட்டில் அந்த வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்று எனக்குத் தெரியாது. அடுத்த கூட்டத்தில் 'நடுவர் குழுவின் சிறப்பு விருது' என்று புதிதாக ஒன்று உண்டாகியிருந்தது. நடுவர் குழுவில் இருந்த எனக்கு அது நோட்டீஸ் போர்டைப் பார்த்துத்தான் தெரிந்தது.

ஆண்டு விழாவுக்கு அவர் பட்டுப்புடவையில் வந்தார். செடி வளர்த்த கடையின் முதலாளி வரவில்லை. மேனேஜர் வந்து கேடயத்தை வாங்கிக்கொண்டு போனார். இவர் கேடயத்தை வாங்கியதும் மைக்கையும் வாங்கிக்கொண்டார். கடைக்கு எப்படி வருவது, எந்நேரம் வந்தால் மீன் கிடைக்கும், பக்கத்து மர அறுவை மில் வளாகத்தில் வண்டி நிறுத்தப் பேசி வைத்திருப்பது எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். 'பார்க்கிங்' என்ற சொல் வந்தபோது செயலாளர் எழுந்து நின்று கைதட்டினார்.

கீழே என் மனைவி என் பக்கம் குனிந்தாள். "இந்த அம்மா மேடையேறும்போ ஒங்களப் பாத்து ஒரு மாதிரி தலைய ஆட்டுச்சே. ஒங்களுக்கு முன்னமே பழக்கமா?"

வேறு வழியில்லாமல் சொன்னேன். எத்தனை நாளாகச் சாப்பிடுகிறேன் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். அதன்பின் விழா முடியும்வரை அவள் மேடையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து அறை சேர்ந்தது. சுவருக்கு மஞ்சள் வண்ணம், புது போர்டு, முனகாத மின்விசிறிகள். மதியமானால் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் கூட்டம் சந்து முழுவதையும் அடைத்து நின்றது. நான் வாரம் தவறாமல் போனேன், ருசி எப்போது கெடுகிறது என்று பார்க்க. குழம்பை நாக்கில் நிறுத்தி, வறுத்த தேங்காய் குறைகிறதா, மாங்காய் சிறுக்கிறதா என்று தேடினேன். குறையவில்லை. விற்பனை கூடியதால் அவர் வீட்டுக்காரர் கடற்கரைக்கு இரண்டு நடை போய் வந்தார். மீன் முன்னைவிடப் புதிதாக இருந்தது. எனக்கும் மீன் தர ஆரம்பித்துவிட்டார். ருசி கெடவில்லையே என்ற என் வருத்தத்தை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

போன விடுமுறையில் மனைவி, "இன்னைக்கு அங்கதான்" என்றாள். கேட்கும் தொனியில் இல்லை. போனோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு இளைஞன், தமிழ்ப் பையன். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டுத் திரும்பினான்.

"அங்கிள், இங்க ஃபர்ஸ்ட் டைமா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் மனைவி, "ஆமா தம்பி, இவருக்கு இந்தப் பக்கமே தெரியாது. என்ன வாங்கணும்னு கொஞ்சம் சொல்லிக் குடுங்க" என்றாள்.

பையன் உற்சாகமாகிவிட்டான். முதலில் சோற்றில் குழம்பை ஊற்றக்கூடாது, மரச்சீனியோடு தொட்டுப் பார்க்க வேண்டும், இந்த மாதிரி சின்னக் கடைகளைக் கண்டுபிடிக்க ஒரு கண் வேண்டும் என்று விளக்கிக்கொண்டே போனான். மனைவி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, இடையிடையே என்னைப் பார்த்து, "கேட்டுக்கிடுங்க" என்றாள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். வரிசை மெதுவாகத்தான் நகர்ந்தது.