கடைசிப் பால்

அப்பாவின் மூக்கிலிருந்த குழாயைக் கழற்றும்போது தாதி என் அக்காவிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"வாயால ஒண்டும் குடுக்காதீங்க. நெஞ்சுக்குள்ள போனா மூச்சடைச்சிரும்."

அக்கா தலையாட்டினாள். வீட்டுக்குப் போனதும் அவள் முதலில் செய்யப்போவது வாயால் கொடுப்பதைத்தான் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் அப்பாவைக் கொண்டு போகிறோம்.

பக்கவாதம் வந்து கண் திறக்காமல் கிடந்தார். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். தெற்கிலிருந்து வந்த இளம் சிங்களவர், உடைந்த தமிழில் பேசுவார். "வீட்ட சத்தம் வேணாம். கடைசி நினைப்பு நல்லா இருக்கணும். எங்கட புத்த சமயத்தில அதுதான் பெருசு."

எங்களுக்குப் பெரிது வேறு. சாகிறவரின் வாயில் பிள்ளைகளும் உறவினரும் ஆளுக்கொரு கரண்டி பால் விட வேண்டும். சுனாமி அன்று காலை தேத்தண்ணி குடித்துவிட்டு, பெரியகல்லாற்றுக் கரைக்கு மீன் வாங்கப் போன அம்மாவுக்கு அது கிடைக்கவில்லை. உடலைக் களப்பு நீரோரம் கண்டெடுத்தோம். வாயைத் துடைத்தவள் அக்கா. துடைக்கத் துடைக்க மணல் வந்துகொண்டிருந்தது. அதன் பிறகு அவள் பேச்சில் அம்மா 'பாலில்லாமப் போனவ' ஆகிவிட்டாள்.

களுவாஞ்சிக்குடியில் அக்கா வீட்டுக்கு வான் பிடித்துப் போனோம். சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் உள்ளே எட்டிப் பார்த்தான். அப்பாவின் முகத்தைக் கண்டதும் போகச் சொல்லிக் கை காட்டினான். வீட்டில் சனம் நிறைந்திருந்தது. அக்கா முதல் கரண்டியை எடுத்தாள். நான் கதவடியில் நின்றேன். தாதி சொன்னது காதில் இருந்தது. இதைச் செய்தியாக எழுதினால் சடங்கு என்று போடுவதா, வேறு சொல் போடுவதா என்று, பத்திரிகை நிருபரான என் மனம் தேவையில்லாமல் ஓடியது.

அப்பா விழுங்கினார்.

எல்லோரும் வரிசையில் வந்து பால் விட்டார்கள். எல்லாவற்றையும் விழுங்கினார். அடுத்த நாள் காலை உதட்டில் கரண்டி பட்டதும் தானாக வாய் திறந்தார்.

"செத்த வீட்டுக்கெண்டு வந்தம்," என்றார் அம்மாவின் தம்பியான சின்னமாமா. "இஞ்ச பாத்தா பிள்ளை பெத்த வீடு மாதிரிக் கிடக்கு. பால் போத்தல் ஒண்டுதான் குறை."

பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. கொடுத்தது கடைசிப் பால் இல்லை என்றால் இனி ஒவ்வொரு கரண்டியும் கடைசியாக இருக்கலாம். அவள் கட்டிலை விட்டு அசையவில்லை. குளிக்கப் போனாலும் ஈரத்தலையோடு ஓடி வந்தாள்.

அந்த நாட்களில்தான் யுத்தம் முடிந்தது. சந்தியில் வெடி கொளுத்தினார்கள். ஒவ்வொரு வெடிக்கும் அப்பாவின் இமை துடித்தது. மக்கள் கருத்துக் கேட்டு அனுப்பும்படி கொழும்பிலிருந்து ஆசிரியபீடம் ஓயாமல் அழைத்தது. நான் முற்றத்துக்கும் ரோட்டுக்குமாக நடந்தேன். கேட்டவர்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்து, மழை வரும் போல கிடக்கு என்றார்கள்.

அப்பாவின் முதுகு புண்ணாகத் தொடங்கியது. புரட்டும்போது அடித்தொண்டையில் ஒரு முனகல் வரும். ஒரு நாள் சின்னமாமாவுக்குப் பொறுக்கவில்லை.

"பால நிப்பாட்டுவம், புள்ள. இது உயிர இழுத்துப் பிடிச்சு வெச்சிருக்கிற வேல."

"பட்டினி போட்டுக் கொல்லச் சொல்றீங்களா, மாமா?"

"கொல்லச் சொல்லல்ல. போக விடச் சொல்றன்."

"நான் குடுக்காமச் செத்தா, அது நான் செய்த கொலையா இல்லயா? அதச் சொல்லுங்க முதல்ல."

மாமா என் பக்கம் திரும்பினார். "ஊரெல்லாம் கேள்வி கேட்டுத் திரியிறீங்களே மருமகன், இதயும் போய்க் கேளுங்களன்."

மோட்டார் சைக்கிளை எடுத்தேன். வீட்டில் நிற்பதை விட அது லேசு. கோயில் ஐயர், வினை தீர்ந்தால்தான் உயிர் போகும், நாம் அவசரப்பட்டால் மிச்சம் அடுத்த பிறப்புக்குப் போகும் என்றார். அப்படியானால் பாலைக் கொடுப்பதா என்று கேட்டேன். "அத வீட்டாக்கள்தான் பாக்கணும்," என்றார். தேவாலயத்துப் பாதர் நிதானமாகப் பேசினார். மூச்சு மெஷினை வேண்டாம் என்பது பாவமில்லை. உணவும் தண்ணீரும் அப்படியல்ல, உடம்பு ஏற்கும்வரை கொடுக்கத்தான் வேண்டும்.

மூன்றாவதாக, ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் தன் தகப்பனை வைத்திருந்த ஓட்டமாவடி நெல் வியாபாரிக்கு ஃபோன் எடுத்தேன். அவர் வாப்பா அதற்குள் மௌத்தாகி, அடக்கமும் முடிந்திருந்தது.

"உயிர் அமானத்து, தம்பி, நம்பி ஒப்படைச்ச பொருள். அல்லா தந்தத அவன்தான் எடுக்கணும். மருந்த விடலாம், பசியில விட ஏலா எண்டுதான் மவுலவி எங்களுக்குச் சொன்னார். வாப்பா கடைசியில வாய இறுக்கி மூடிட்டார். நான் விரலப் போட்டுத் திறக்கப் போனன். மவுலவி கையப் பிடிச்சிட்டார். குடுக்கிறதுதான் உன்ட வேல, குடிக்க வெக்கிறதில்ல எண்டார்."

மூன்று பேருமே, பேப்பரில் போட்டுவிடாதே என்று சொல்லித்தான் முடித்தார்கள்.

அக்காவிடம் ஒன்றும் விடாமல் ஒப்புவித்தேன். அவள் அப்பாவின் முதுகுக்குக் கீழே துணியை மாற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வாயத் திறந்தா குடுப்பன், மாமா," என்றாள் கடைசியில். "திறக்காட்டி நான் திறக்க மாட்டன்."

மாமா துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி புள்ள," என்றார். ஆனால் ஊருக்குப் போகவில்லை.

சில நாட்கள் கழித்து ஒரு காலையில் கரண்டி உதட்டில் பட்டது, வாய் திறக்கவில்லை. அக்கா மறுபடியும் வைத்தாள். பால் தாடை வழியே ஒழுகிக் கழுத்துக்குப் போனது. அவளுடைய இடது பெருவிரல் அப்பாவின் கீழ்த்தாடையில் இருந்ததைப் பார்த்தேன். கொஞ்சம் அழுத்தினால் திறந்துவிடும். விரல் அங்கேயே நின்றது. பிறகு அவள் அதை எடுத்துவிட்டு, சீலைத் தலைப்பால் பாலைத் துடைத்தாள்.

மத்தியானத்துக்கு முன் மூச்சு நின்றது. மாமா உள்ளே வந்து வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"பால் பருக்கினதா, புள்ள?"

"நேத்துப் பின்னேரம் குடுத்தன். அதுதான் கடைசி எண்டு தெரியாமக் குடுத்திட்டன்."

பெண்கள் அழத் தொடங்கினார்கள். அக்கா பால் கிண்ணத்தைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுனாமி அண்டைக்குக் காலம அம்மா குடிச்சது பால் தேத்தண்ணிதானே?" என்றாள். "நான்தானே ஊத்திக் குடுத்தன்?"

"ஓம்," என்றேன்.

அவள் கிண்ணத்தைக் கழுவக் கிணற்றடிக்குப் போனாள்.