பெரியவர் வாழையை மிதித்த வாரம்

எனக்கு வயது எண்பத்தொன்று. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நாலு என் வயிற்றில் பிறந்தது, இரண்டு என் தங்கை விட்டுப்போனது. ஒன்றும் சோடை போகவில்லை. எனக்குப் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றது. பஸ்ஸில் ஊர்ப்பெயர் வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். அவள் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போகிறாளாம். கொடுக்கட்டும்.

1. ஊசி போடாத டாக்டர்

மலாய் நாட்டில் கோலா கங்சாருக்கு வடக்கே எங்கள் ரப்பர்த் தோட்டம். எழுபதுகளின் கடைசியில் பாதிப் பால்மரத்தை வெட்டி, எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டார்கள். ஆள் குறைந்தது, தோட்டத்து ஆஸ்பத்திரியை மூடினார்கள். பூட்டிக்கிடந்த அந்தக் கட்டடத்தை வனவிலங்குகளைக் காப்பாற்றுகிற ஒரு சங்கத்தார் தோட்டத்தை நடத்துகிற துரையிடம் கேட்டு வாங்கினார்கள். பல நாடுகளில் அந்த வேலைக்குப் புதிதாக வந்த இளவட்டங்களை அங்கே கூட்டிவந்து, நாளைக்குத் தலைமை ஏற்கிற மாதிரி பழக்கினார்கள்.

பால்வெட்டு நின்றதும் நான் அங்கே சேர்ந்தேன். சமையல்காரி என்று சிலர் சொல்வார்கள். எனக்குக் கீழே அஞ்சலை என்று ஒருத்தி வேலை செய்தாள். ஆகவே நான் கிச்சன் மண்டோர், மேற்பார்வைக்காரி.

முதல் நாள் ரசம் வைத்தேன். ஒரு நாட்டுக்காரர் அதை டீ என்று நினைத்துச் சர்க்கரை கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டு நன்றி சொன்னார். இவர்கள் தாங்குவார்கள் என்று அப்போதே தெரிந்தது.

பயிற்சிக்குத் தலைவர் ஒரு மலாய்க்காரர். எல்லாரும் டாக்டர் என்றே கூப்பிட்டோம். தோட்டத்து ஆட்கள் காய்ச்சல் என்று வந்து நிற்பார்கள். அவர் படித்தது விலங்குப் படிப்பு, ஊசி போடமாட்டார் என்று சொல்லித் திருப்பி அனுப்புவது என் வேலை.

2. வஞ்சி லீடரானாள்

வாரம் ஒருவர் லீடர். ஜீப் எங்கே போகும், யார் யாருடன் போவது, ஜனங்களிடம் என்ன கேட்பது எல்லாம் அந்த வாரம் அவர் பொறுப்பு. ஒரு வாரம் கென்யாவிலிருந்து வந்த வஞ்சிரு லீடர். எங்கள் வாயில் அவள் வஞ்சி ஆகிவிட்டாள். அதிகம் பேசமாட்டாள், தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கமாட்டாள்.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்து வீடுகளுக்குப் போய், காட்டு விலங்கால் என்ன நட்டம் என்று கேட்டுவர வேண்டும். தமிழ் அவளுக்குத் தெரியாது. பயிற்சிக்கு வந்திருந்த பீட்டரைப் பேசுவதற்குக் கூட்டிப்போனாள். பீட்டர் ஈப்போப் பக்கம் ஜெலாப்பாங்காரன். டவுன் தமிழ். லயத்தில் ஒரு நாள் படுத்ததில்லை.

எங்கள் தோட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. காட்டோரத்தில் அதன் பெயரைச் சொல்லமாட்டோம். சொன்னால், கூப்பிட்டதாக எடுத்துக்கொண்டு வந்துவிடும். பெரியவர் என்போம். இப்போது நான் ஈப்போவில் ஐந்தாம் மாடியில் இருப்பதால் சொல்கிறேன்: யானை.

லயத்தில் முனியாண்டி அண்ணனிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் சொன்னது இது:

"பெரியவரு வந்தாரு தம்பி. வேலியப் புடுங்கிட்டாரு. வாழை பூரா மிதிச்சிட்டாரு."

"நீங்க ஒண்ணும் கேக்கலியாண்ணே?"

"அவருகிட்ட யாருலா கேப்பா? அவரு எடம். நமக்கு முன்னாடி இங்க இருக்கறவரு."

தோட்டத்தில் பெரியவர் என்றால் பெரிய துரைதான் என்று பீட்டர் எடுத்துக்கொண்டான். அப்படியே இங்கிலீஷில் சொன்னான். வஞ்சிக்குக் கோபம் வந்துவிட்டது.

வாரக் கடைசியில் டீ வைத்து, லீடர் பேசுவது வழக்கம். அன்றைக்குத் துரையையும் அழைத்திருந்தார்கள். துரை ஈப்போ சீனர். தமிழைக் கங்காணிகளிடம் கற்றவர், ஆகவே எல்லாரும் அவருக்கு 'நீ'தான். வஞ்சி சுவரில் படம் மாட்டி, குச்சியால் காட்டிப் பேசினாள். நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் எனக்குப் புரியாது, ஆனால் துரை கோப்பையைக் கீழே வைத்தது புரிந்தது.

எழுந்து நின்றார். கோபத்தில் அவருக்குத் தமிழ்தான் வந்தது.

"நான் வாழை மிதிச்சது? நான்? என் கட்டடத்துல படுத்துக்கிட்டு என்னையே சொல்றியா? நாளைக்குக் காலையில பெரட்டு முடிஞ்சி சாவி என் மேசைக்கு வரணும். எல்லாம் கெளம்பு!"

போய்விட்டார். வடை அப்படியே இருந்தது. வீணாக்கவில்லை, லயத்துக்கு அனுப்பினேன்.

3. சயா செண்டிரி

பீட்டர் சமையல்கட்டுக்கு வந்து அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தான். பின்னாலேயே வஞ்சி வந்து கதவோரம் நின்றாள். என்ன சொன்னீர்கள் என்று பீட்டரைக் கேட்டேன். சொன்னான். அஞ்சலைக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"அட மடையா! பெரியவர்னா தொரையா? வாழைத் தோப்ப மிதிக்க அந்தாளுக்கு எத்தனை காலுடா இருக்கு?"

விஷயம் விளங்கியதும் பீட்டர் முகம் செத்துவிட்டது. வஞ்சிக்கு அவனே இங்கிலீஷில் சொன்னான். "நான் தொலைஞ்சேன்கா. என்னால எல்லாரும் வீட்டுக்குப் போகணும் லா," என்றான் என்னிடம்.

நான் முந்தானையைச் சொருகிக்கொண்டு கிளம்பினேன். துரைக்கு என்னைத் தெரியும். அவர் பெண்சாதிக்கு மசாலா அரைத்துக் கொடுப்பவள் நான். ரெண்டு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. வஞ்சி கதவில் குறுக்கே நின்றாள்.

"சயா செண்டிரி, கக்கா," என்றாள். நானே போகிறேன், அக்கா என்று மலாயில் அர்த்தம். எங்களிடம் கற்ற மலாய்.

டாக்டரிடம் போய்க் கேட்டேன். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிடுமே டாக்டர்?"

அவர் மலாயில் சொன்னார்: "முடியும் கக்கா. அப்புறம் எல்லாத்துக்கும் நானே போகணும்."

ஆனால் வஞ்சியிடம் ஒன்று சொன்னார். நாளைக்குப் பேச பீட்டர் வேண்டாம், தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணியை வைத்துக்கொள் என்று. வஞ்சி தலையாட்டவில்லை. பீட்டர்தான் வருவான் என்றாள்.

4. பெரட்டுக் களம்

காலையில் ஆட்கள் வரிசையில் நின்று பெயர் கொடுக்கிற இடம் பெரட்டுக் களம். அதன் ஓரத்தில் காடு தொடங்கும். டாக்டரும் வந்து பக்கத்தில் நின்றார். துரை ஜீப்பைவிட்டு இறங்கவில்லை.

வஞ்சி பேசினாள், பீட்டர் தமிழில் சொன்னான்.

"நேத்து நான் பேசினது தப்பு. ஒரு வார்த்தைய ஒருத்தர் வாயில கேட்டு, அப்படித்தானான்னு திருப்பிக் கேக்காம, தொரை பேர்ல போட்டுட்டேன்."

அவள் இன்னும் ஒன்று சொன்னாள். பீட்டர் அதைச் சொல்லாமல் நின்றான். அவள் காத்திருந்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"தப்பு என்னோடது. பீட்டரோடது இல்ல."

துரை ஜீப்பிலிருந்து தலையை நீட்டினார். "அப்ப யாரு மிதிச்சது? சொல்லு!"

வஞ்சி ஆட்கள் பக்கம் கையைக் காட்டினாள். சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. காட்டோரத்தில் நின்றுகொண்டு யார் அந்தப் பெயரைச் சொல்வது?

"பாத்தியா? ஒருத்தனும் சொல்லல. பொய்!" என்று துரை வண்டியைக் கிளப்பினார்.

அப்போது முனியாண்டி அண்ணன் வரிசையைவிட்டு முன்னால் வந்தார். குனிந்து, வலது கையை மூக்கோடு ஒட்டித் தொங்கவிட்டு, இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு நாலு அடி நடந்தார். இல்லாத வாழைமரம் ஒன்றைச் சுற்றிப் பிடித்து இழுத்தார்.

துரை வண்டியை நிறுத்தினார். "காஜா?" என்றார். மலாய்க்காரர்கள் சொல்லும் பெயர். அதைச் சொன்னதற்கே இரண்டு பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"பேரு வேணாந் தொரை," என்றார் முனியாண்டி. "ஒங்கள விடப் பெரியவரு. அவரு செஞ்சத ஒங்க பேர்ல போட்டதுக்கு அவருதான் கோவிச்சுக்கணும்."

களம் முழுக்கச் சிரித்தது. துரை கடைசியில்தான் சிரித்தார், அதுவும் பாதி. வஞ்சியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பீட்டர் எங்களுக்குத் தமிழில் சொன்னான்: "சாவி நீயே வச்சுக்க. அந்தப் பெரியவரு வராம இருக்க வழி சொல்லிட்டுத்தான் ஊருக்குப் போகணும்."

அதன் பிறகு இரண்டு பேரும் எல்லா வீட்டுக்கும் மறுபடி போனார்கள். இந்தத் தடவை வஞ்சி ஒரு வழக்கம் வைத்தாள். பீட்டர் கேட்டதை எழுதியதும், சொன்னவரிடமே தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் ஆமாம் என்றால்தான் அடுத்த வீடு. வேலியும் அகழியும் எங்கே வேண்டும் என்று படம் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினாள்.

இப்போது அவள் நாட்டில் அவளே பயிற்சி கொடுக்கிறாள் என்று பீட்டர் சொன்னான். பீட்டரும் பெரிய ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டான்.

நான் பிள்ளைகளை விழுவதற்கு முன்னால் பிடித்து வளர்த்தவள். அதில் தப்பில்லை. அந்த டாக்டர் பிடிக்கமாட்டார், பக்கத்தில் வந்து நிற்பார். அது வேறு வேலை. அதற்கும் ஆள் வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

போதும், பேனாவை வை. நான் சொன்னதைத்தான் நீ எழுதினாயா என்று எனக்கு எப்படித் தெரியும்? மேலிருந்து வாசி, பாப்பா. ஆமாம் என்று நான் சொன்ன பிறகு கொடு. கிச்சன் மண்டோர் என்றுதானே போட்டாய்?