லயத்தில் வீடு வீடாகப் போன விசிறி

என் அத்தை வீட்டு மேசை விசிறிக்கு இரண்டு இறக்கைகள் பச்சை, ஒன்று வெள்ளை. பழைய இறக்கை ஒன்று உடைந்தபோது, மாமா கோலசிலாங்கூர் பட்டணத்து மின்சாமான் கடையில் வேறு ஏதோ விசிறியின் இறக்கையை வாங்கி வந்து பொருத்திவிட்டார். சுற்றும்போது வித்தியாசம் தெரியாது. நின்றால்தான் அந்த வெள்ளை இறக்கை பளிச்சென்று கண்ணில் படும். அவர்கள் இருந்த ரப்பர்த் தோட்டத்தில் பொழுது சாய்ந்து இயந்திரம் ஓட ஆரம்பித்த பிறகுதான் மின்சாரம் வரும் என்பதால், பகலெல்லாம் அது நின்றுகொண்டேதான் இருக்கும். ஆனாலும் அத்தை அதற்கு ஒரு பூப்போட்ட துணி தைத்துப் போர்த்தி, வீட்டுக்கு மூத்த பிள்ளையைப் போல முன்னறையில் வைத்திருந்தார். அந்த வெள்ளை இறக்கை மட்டும் இல்லாவிட்டால் நான் எழுத இந்தக் கதையே இருந்திருக்காது.

ஒரு நாடு முன்னேறுகிறதா இல்லையா என்று அளக்க இப்போது எத்தனையோ அளவீடுகள் வந்துவிட்டன. எத்தனை வீட்டில் குழாய்த் தண்ணீர், எத்தனை வீட்டில் விளக்கு, எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், கிடைத்த வளர்ச்சி அடுத்த தலைமுறைக்கும் நிற்குமா என்றெல்லாம் பத்தி பத்தியாகப் பிரித்துக் கேட்கிறார்கள். என் வேலைக்காலம் முழுவதும் அந்தப் பத்திகளோடுதான் போனது. எனக்குச் சோறு போட்ட தொழில் அது, அதைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. ஆனால் ஓர் அட்டவணையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அத்தையின் முகம் ஒரு கணம் வந்து எட்டிப் பார்க்கும். எனக்குச் சிரிப்பு வரும். பக்கத்து மேசைக்காரர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்த நாட்கள் உண்டு.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். தோட்டங்களில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்க ஓர் அதிகாரி வந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. கேள்விகளைத் தமிழில் கேட்டுப் பதிலை மலாயில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று தற்காலிக வேலைக்கு என்னை எடுத்துக்கொண்டார்கள். நான் அவரை 'என்சிக்' என்று மரியாதையாகக் கூப்பிடுவேன். தஞ்சோங் காராங் பக்கத்து நெல்வயல்காரர் வீட்டுப் பிள்ளை. அதிகம் பேசமாட்டார். வெயிலில் நடந்தாலும் சட்டைக் கையை மடிக்கமாட்டார். யார் வீட்டில் எதைக் குடிக்கக் கொடுத்தாலும் மிச்சம் வைக்காமல் குடித்துவிடுவார். தோட்டம் தோட்டமாகச் சுற்றி, ஒரு நாள் அத்தை இருந்த தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம்.

அத்தை என் அப்பாவின் அக்கா. பால்மரம் வெட்டுபவர். மாமா அதே தோட்டத்தில் மண்டோராக இருந்தார். வெளிக்காட்டில் ஆட்களை அதட்டி வேலை வாங்கும் மனிதர், வீட்டு வாசலில் கால் வைத்ததும் குரலை எங்கோ கழற்றி வைத்துவிடுவார். அவர்கள் லயத்தில் நீளமான ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். எல்லா வீட்டுக்கும் சேர்த்து லயத்துக் கடைசியில் ஒற்றைக் குழாய். அதில் விடிவதற்கு முன்னால் கொஞ்ச நேரமும், பொழுது இறங்கிய பிறகு கொஞ்ச நேரமும் தண்ணீர் நூலாக வரும். காலையில் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடும் இடத்துக்கு, இருட்டோடு போய் நிற்க வேண்டும். அதற்கு முன்னால் தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட வேண்டும். ஆகவே பெண்கள் எழுந்திருக்கும் நேரத்தைக் காலை என்று சொல்ல முடியாது. குழாயடிப் பாசியில் வழுக்கி விழுந்து அத்தைக்கு ஒரு முறை மணிக்கட்டு பிசகிவிட்டது. அதற்குப் பிறகு குடத்தை இடது இடுப்பில்தான் வைப்பார்.

ஓய்வு நாளில் கணக்கெடுக்க ஆள் வரப்போகிறது என்பதைத் தோட்ட அலுவலகக் கிராணி முன்கூட்டியே சொல்லிவிட்டார். எதற்கு என்று சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருக்காது. "வூட்டப் பாக்க வராங்களாம்" என்ற செய்தி மட்டும் லயத்துக்குள் போனது. வீட்டைப் பார்க்க வருவது என்றால் அங்கே ஒரே அர்த்தம்தான். பெண் பார்க்க வருவார்கள். யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தாலும் லயமே சேர்ந்து அந்த வீட்டை அலங்கரிக்கும். இவர் வீட்டுச் செட்டி என்கிற சாய்விருக்கை, அவர் வீட்டுக் கண்ணாடி டம்ளர்கள், அடுத்தவர் வீட்டுத் தையல் இயந்திரம் எல்லாம் அன்றைக்கு அந்த வீட்டுக்குப் போய்விடும். மாப்பிள்ளை வீட்டார் போனதும் திரும்பி வந்துவிடும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றுவதாக நினைத்ததே இல்லை. அடுத்த வீட்டு மானமும் தன் மானம் என்கிற கணக்கு. இந்த முறை எல்லா வீட்டையும் ஒரே நாளில் பார்க்கப்போகிறார்கள் என்றதும், அத்தை தலைமையில் சாமான்களே நடக்க ஆரம்பித்தன.

முதல் வீட்டுக்குள் நுழைந்ததும் என்சிக்கின் முகம் மலர்ந்தது. செட்டி, தையல் இயந்திரம், மேசை மேல் துணி போர்த்திய விசிறி. பின்கட்டில் விளிம்பு வரை தண்ணீர் நிரம்பிய தோம்புப் பீப்பாய். தண்ணீர் போதுமா என்று கேட்டேன். "எங்களுக்கு என்னா கொறச்சல்" என்றார் வீட்டுக்கார அம்மாள். இரண்டாவது வீட்டிலும் ஒரு விசிறி இருந்தது. மூன்றாவது வீட்டில் அவசரத்தில் துணியைப் போர்த்த மறந்திருந்தார்கள். இரண்டு பச்சை, ஒரு வெள்ளை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளி விடுமுறையில் எத்தனையோ இரவு அந்த விசிறிக்கு முன்னால் படுத்துத் தூங்கியவள் நான். எட்டிப் பார்த்தேன். பின்வாசல் வழியாக இரண்டு பெண்கள் செட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். பின்னால் அத்தை, மூச்சு வாங்க, சைகையில் வழி சொல்லிக்கொண்டு.

மதியம் மரத்தடியில் நின்றபோதுதான் என்சிக் சொன்னார். அரசாங்கமும் தோட்ட நிர்வாகமும் சேர்ந்து வீட்டுக்கு வீடு குழாய் போடப்போகிறார்கள். எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே நேரத்தில் முடியாது. எங்கே வசதி குறைவோ அங்கே முதலில். "இந்தத் தோட்டம் நன்றாகவே இருக்கிறது. கொஞ்ச வருஷம் பொறுக்கலாம்" என்று திருப்தியோடு தலையாட்டினார். சாப்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அத்தை வீட்டுக்கு ஓடினேன்.

"அத்த, இருக்கு இருக்குன்னு காட்டுனா தண்ணி வராது. இல்லாதவங்களுக்குத்தான் மொதல்ல கொழாய் போடுவாங்களாம்."

அத்தை கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "என்னா பிள்ள சொல்ற? வூடு ஒழுங்கா இருந்தா தண்டனையா?"

"தண்டன இல்லத்த. வரிசை அப்படி."

"நல்ல வரிசைலா இது" என்று முனகிக்கொண்டே பின்வாசல் பக்கம் போனார். இரவல் சாமானை அவரவர் வீட்டுக்கே திருப்பிக் கொடுங்கள் என்றுதான் அவர் சொல்லி அனுப்பியதாகப் பிறகு தெரிந்தது. ஆனால் லயத்தில் ஒரு சொல் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் கைகால் முளைத்துவிடும். மதியத்துக்குப் பிறகு நாங்கள் நுழைந்த வீடுகளில் எதுவுமே இல்லை. உட்கார முக்காலி இல்லை. பாய் இல்லை. ஒரு வீட்டில் அடுப்பையே காணோம். எதில் சமைக்கிறீர்கள் என்று கேட்டால் அந்த அம்மாள் என்னைப் பார்க்கிறார், நான் கூரையைப் பார்க்கிறேன். மூலையில் சாக்குக்கு அடியிலிருந்து குழம்பு வாசனை வந்துகொண்டிருந்தது. இன்னொரு வீட்டில் ஒரு தாத்தா கிழிந்த பனியனோடு சோகமாக உட்கார்ந்திருந்தார். கீழே மடிப்புக் கலையாத திருவிழா வேட்டி.

என்சிக்குக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான். காலையில் பணக்கார லயம், மாலையில் பஞ்சப்பட்ட லயம், எதை எழுதுவது? என்னிடம் விளையாடுகிறார்கள், இந்தத் தோட்டத்தைக் கணக்கிலேயே சேர்க்கப்போவதில்லை என்று மலாயில் வேகமாகச் சொல்லிவிட்டு, தாள்களை மூடிப் பைக்குள் திணித்தார். சேர்க்காவிட்டால் குழாய் தள்ளிப்போவது மட்டுமில்லை, வரவே வராது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.

அப்போது அத்தை வந்தார். கையில் விசிறி. அதன் மேல் துணி இல்லை. வேலைக்குப் போகும் பழைய சட்டையும் கைலியும்தான் உடுத்தியிருந்தார். லயத்துப் பெண்களெல்லாம் வாசலில் நின்று பார்க்க, விசிறியை என்சிக்கின் காலருகே தரையில் வைத்தார். அத்தையின் மலாய் சந்தைக்கு மட்டும் போதுமான மலாய். அதை வைத்துக்கொண்டு, "என்சிக், இனி கிப்பாஸ் சாயா புன்யா" என்றார். இந்த விசிறி என்னுடையது. பிறகு ஒவ்வொரு வீடாகக் கை காட்டி, அங்கே விசிறி இல்லை, அங்கேயும் இல்லை, நான்தான் கொடுத்தேன், செட்டி அந்த வீட்டுக்காரருடையது, எல்லாரும் நான் சொல்லித்தான் செய்தார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். பிறர் முன்னால் 'இல்லை' என்று சொல்வதை அவமானமாக நினைத்த மனுஷி. ஒவ்வொரு 'இல்லை'க்கும் அவர் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்தேன். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குப் பெரட்டுக்கு முன்னுக்க கொழாயடிக்கு வந்து பாக்கச் சொல்லு பிள்ள. பொய் சொல்றதுக்கு அங்க எடமே இல்லன்னு சொல்லு."

சொன்னேன். என்சிக் விசிறியைப் பார்த்தார். வெள்ளை இறக்கையை விரலால் தள்ளி ஒரு சுற்று சுற்றிவிட்டார். அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது.

மறுநாள் இருட்டோடு வந்தார். குழாயடியில் வாளிகளும் குடங்களும் மண்ணெண்ணெய் டின்களும் பெண்களுக்குப் பதிலாக வரிசையில் நின்றன. பெண்கள் ஓடி ஓடி அடுப்பையும் பார்த்து வரிசையையும் பார்த்துக்கொண்டார்கள். அன்று யாரும் எதையும் காட்டவுமில்லை, மறைக்கவுமில்லை. நேரம்தான் ஏது? என்சிக் ஓரமாக நின்று பார்த்தார். அத்தையின் முறை வருவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது. அத்தை காலிக் குடத்தோடு வீட்டுக்கு நடந்தார். என்சிக் என்னிடம், "என் அம்மா வாய்க்காலிலிருந்து தண்ணீர் தூக்குவார்" என்று மட்டும் சொன்னார். வேலைக்குப் போனவர்கள் திரும்பியதும் தாள்களை எடுத்து, முதல் வீட்டிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுதினோம். அன்று அத்தை மனப்பூர்வமாகப் போட்டுக் கொடுத்த காப்பியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான். என்சிக் மிச்சம் வைக்கவில்லை.

குழாய் வந்தது. ஒவ்வொரு வீட்டின் பின்கட்டுக்கும் வந்தது. திறந்துவிட்ட நாளில் நான் அங்கே இல்லை. எல்லாரும் மாற்றி மாற்றித் திறந்து மூடி விளையாடியதாகவும், பிறகு மாமா அதட்டியதாகவும் கேள்வி. அதற்குக் கொஞ்ச காலம் கழித்து, குழாய் வந்ததால் என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க என்சிக்கும் நானும் திரும்பப் போனோம். கையில் புதுக் கேள்விகள். நோய் குறைந்ததா, பிள்ளைகள் பள்ளிக்கு நேரத்தோடு போகிறார்களா, மிச்சமான நேரத்தில் கூடுதல் வருமானம் தேடினீர்களா.

ஓய்வு நாள். வெயில் ஏறியிருந்தது. அத்தை வீட்டுக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. மாமா வெளியே வந்து விரலை வாயில் வைத்தார்.

"சத்தம் போடாதம்மா. தூங்கறா."

"ஒடம்புக்கு முடியலயா மாமா?"

"நல்லாத்தான் இருக்கா. லீவு நாளுன்னா இப்பல்லாம் இப்படித்தான்."

நான் மெல்ல உள்ளே எட்டிப் பார்த்தேன். அத்தை பாயில் ஒருக்களித்து, வாய் லேசாகத் திறந்தபடி, ஒரு கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் எத்தனை விடுமுறை இருந்திருக்கிறேன். நான் படுத்த பிறகு படுப்பார், நான் விழிப்பதற்குள் எழுந்திருப்பார். அத்தை எனக்கு எப்போதும் நின்றுகொண்டேதான் இருந்திருக்கிறார். சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுப்பட்டுமா என்று மாமா கேட்டார். அதை என்சிக்கிடம் மலாயில் சொன்னேன். என்சிக் தன் கையிலிருந்த கேள்விகளை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, சப்பாத்தைக் கழற்றி வைத்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.