கவுண்ட்டர் அக்காவின் துணை

சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுக்கும் அறைக்குள், ஒரு கை மட்டும் நுழையும் ஓட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தே பாதி ஆயுளைக் கழித்தவர் என்பதால் அவருக்குக் கவுண்ட்டர் அக்கா என்று பெயர். வேலையை விட்டுப் பல வருடமாகியும், பேரன் பேத்தி எடுத்தும், ஊருக்கு அவர் இன்னும் அக்காதான். புதுப்படம் வந்தால் போதும், பெரிய பெரிய ஆட்களெல்லாம் அந்த ஓட்டைக்கு முன்னால் குனிந்து, "அக்கா, ஒண்ணே ஒண்ணுக்கா, தூணுக்குப் பின்னாடி இருந்தாலும் பரவால்ல" என்று கெஞ்சுவார்கள். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "ஹவுஸ்புல். அடுத்த ஆட்டத்துக்கு வாங்க." அப்படி ஒரு ராஜாங்கம்.

ராஜாங்கம் போனது; பின்னாலேயே முட்டிகளும் போயின. எதையாவது பிடித்துக்கொண்டு நாலடி வைத்தால் கண்ணில் பூச்சி பறக்கும். அதனால் பேட்டரியில் ஓடும் ஒரு நாலு சக்கர வண்டி வாங்கினார். முன்னால் கூடை, கைப்பிடி, காதைக் கிழிக்கும் ஹாரன். வேகம் என்னவோ நடை பழகும் குழந்தையின் வேகம்தான். ஆனால் மார்க்கெட்டோ, தபால் ஆபீஸோ, மருந்துக் கடையோ, யார் தயவும் இல்லாமல் போய் வரலாம். அக்காவுக்கு உண்மையில் கால் முளைத்ததே அதற்கப்புறம்தான்.

மகனுக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. ஒருமுறை அக்கா ரிவர்ஸ் எடுக்கப் போய் முட்டைக் கடைக்குள் புகுந்துவிட்டார். அதிலிருந்து அவன் வாய் ஓயவில்லை. வெளிநாட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று அக்கா கிளம்பியது அவனுக்கு வசதியாகப் போய்விட்டது.

"தனியா போய் இறங்கிடும்மா, பாப்போம். அதுக்கப்புறம் வண்டியப் பத்தி நான் வாயே திறக்கல. யாராவது துணைக்கு வந்துதான் போய்ச் சேந்தேன்னா வண்டிய வித்துடுவேன். நீயும் வீட்டோட இருந்துக்கணும்."

"சரிடா. உங்க சித்தியையே கேட்டுக்கோ. அவளுக்குப் பொய் சொல்ல வராது," என்றார் அக்கா.

விமான நிலையத்தில் வண்டியைக் கவுண்ட்டருக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தினார். உள்ளே இருந்த பெண் அக்காவின் தலைக்கு மேலாகப் பார்த்து, பின்னால் நின்றவரிடம் கேட்டாள்.

"சார், அம்மாவால நடக்க முடியுமா?"

பின்னால் நின்றவர் ஒரு மெத்தை வியாபாரி. ஆளும் அவர் விற்கும் சரக்கு மாதிரியே திண்ணென்று இருப்பார். அதே விமானத்தில் ஏதோ மெத்தைக் கண்காட்சிக்குப் போகிறார். அக்காவை அவர் அதற்கு முன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் கடையில் நின்று நின்று அவருக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொண்டிருந்தது. யார் எதைக் கேட்டாலும் 'தெரியாது', 'இல்லை' என்று அவர் வாயில் வரவே வராது. சொன்னால் கேட்டவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவாரே!

"கொஞ்சம் கஷ்டம்தாம்மா," என்றார் கனிவாக.

தொலைந்தது. அந்த நிமிஷத்திலிருந்து இரண்டு பேரும் ஒரே குடும்பம்.

"வண்டி பேட்டரி ஒழுகுமா சார்?"

"ஒழுகாது. ட்ரை பேட்டரி. வயரத் தனியா கழட்டிக்கலாம்," என்றார் அக்கா. இதை ஒரு வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

"அப்படியா சார்?" என்று அந்தப் பெண் வியாபாரியைக் கேட்டாள்.

"ஒழுகவே ஒழுகாதும்மா. கேரண்டி."

"வண்டிக்கு டேக் உங்க பேர்லயே போட்டுடவா?"

"தாராளமா போடும்மா."

"யோவ், யாருய்யா நீ?" என்று அக்கா கத்தினார்.

"அம்மா டென்ஷனா இருக்காங்க சார், தண்ணி குடுங்க," என்றாள் அந்தப் பெண். மனுஷன் கொடுத்தும் தொலைத்தார்.

முதலில் நெளிந்தவர்தான், வரிசையே இல்லாமல் உள்ளே விட்டதும் வியாபாரிக்குக் குளிர்விட்டுப் போயிற்று. தனிப் பாதை, தனி லிஃப்ட், எல்லோருக்கும் முன்னால் விமானத்தில் இடம், அதுவும் அக்காவுக்குப் பக்கத்து சீட். பணிப்பெண் வந்து அவர் காதருகே, "உங்கம்மாவுக்குப் போர்வை வேணுமான்னு கேளுங்க" என்றாள். அவரும் திரும்பி, "போர்வை வேணுமாம்மா?" என்று பயபக்தியோடு கேட்டார்.

"அந்தப் பொண்ணு கேட்டது எனக்கும் கேட்டுச்சு. போனது முட்டி, காது இல்ல. இறங்கினதும் நீங்க யாரோ, நான் யாரோ. புரியுதா?"

"புரியுதும்மா," என்று சொல்லிவிட்டு வியாபாரி இரண்டு போர்வை வாங்கிக்கொண்டார். இரண்டையும் அவரே போர்த்திக்கொண்டு தூங்கினார்.

இறங்கியதும்தான் வில்லங்கம். அக்காவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து ஒரு பெஞ்சில் இறக்கிவிட்டு, அடுத்த ஆளை ஏற்ற நாற்காலியோடு பறந்துவிட்டார்கள். எதிரே சுங்க அதிகாரி, அவர் பக்கத்தில் அக்காவின் வண்டி, வண்டிக்குப் பக்கத்தில் திருட்டு முழி முழித்துக்கொண்டு வியாபாரி.

அதிகாரியின் கேள்வியில் நியாயம் இருந்தது. டேக் உங்கள் பெயரில் இருக்கிறது. வண்டியோ நடக்க முடியாதவர்களுக்கானது. நீங்களோ குத்துக்கல் மாதிரி நிற்கிறீர்கள். இது யாருடைய வண்டி? வியாபாரிக்கு வேர்த்துக் கொட்டியது. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்ன வாய், தேவையான நேரத்தில் திறக்கவில்லை. அதிகாரி வண்டியை உள்ளறைக்குத் தள்ளச் சொல்லிவிட்டு, அக்காவின் பக்கம் திரும்பினார். இவர் உங்களுக்கு யார்?

அன்று முழுக்க அக்காவிடம் நேரடியாகக் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான். வந்தும் வந்தது, இப்படியா வரவேண்டும்! 'துணைக்கு வந்தவர்' என்று சொன்னால் வண்டி இப்போதே வெளியே வந்துவிடும். ஆனால் ஊர் திரும்பியதும் மகன் சொன்னபடி அதை விற்றுவிடுவான். 'யாரென்றே தெரியாது' என்றால் இந்த ஆளைக் கொண்டுபோய் உட்காரவைத்துவிடுவார்கள், டேக் அவர் பெயரில் இருப்பதால் வண்டியும் அவரோடு போய்விடும். அக்காவுக்கு அழுகை முட்டியது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

அவர் பெஞ்சின் முதுகைப் பிடித்து எழுந்து நின்றார். கவுண்ட்டரில் வெளியூர்க்காரர்களிடம் பேசிப் பழகிய அரைகுறை இங்கிலீஷில் அழுத்தம் திருத்தமாகச் சொன்னார்: "வண்டி அவருக்குத்தான். பார்க்கத்தான் ஆள் வாட்டசாட்டம், நடந்தால் மயங்கி விழுந்துவிடுவார். அதனால் நான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்."

அதிகாரி வியாபாரியைப் பார்த்தார். வெளிறிய முகம், வேர்வை, நடுங்கும் கை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? உடனே அவர் மனது இளகிவிட்டது. நோயாளி இவ்வளவு நேரம் நின்றது தப்பு என்று தானே வயரை மாட்டி, வியாபாரியைத் தோளைப் பிடித்து வண்டியில் உட்கார வைத்தார். பிறகு அக்காவிடம் குனிந்து, அவருக்குத் தண்ணீர் வேண்டுமா என்று விசாரித்தார்.

"வேணாம். ரொம்பக் குடிச்சா அவருக்கு ஆகாது," என்றார் அக்கா.

வாசல்வரை நடந்தாக வேண்டும். வியாபாரி கல்லாய்ச் சமைந்து உட்கார்ந்திருக்க, அக்கா ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து மறு கையால் விசையை அழுத்தினார். வண்டி குழந்தை நடையில் நகர்ந்தது. அதற்கே ஈடு கொடுக்க முடியவில்லை. முட்டி இரண்டும் நெருப்பாய் எரிந்தன. "நான் இறங்கிடறேம்மா," என்று வியாபாரி கிசுகிசுத்தார். "அந்தாளு பாத்துக்கிட்டிருக்கான். அசையாம உட்காருங்க," என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். வாசல் வருவதற்குள் விழுந்துவிடுவோமோ என்று பயந்த பயம் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே தங்கை நின்றிருந்தாள். கையில் போன், போனில் வீடியோ காலில் மகன். கதவு திறந்ததும் அக்கா விசையை விட்டார். வியாபாரி குதித்து இறங்கி, கைகூப்பி, தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாய் ஓடினார். அக்கா வண்டியில் சரிந்து உட்கார்ந்தார். கால் இரண்டும் வெடவெடவென்று ஆடின.

"சித்தி, யாரோ ஓடறாங்களே, யாரு அது? அம்மாவுக்குத் துணைக்கு வந்தவரா? மறைக்காம சொல்லுங்க," என்று போன் கத்தியது.

தங்கை அக்காவின் ஆடுகிற காலைப் பார்த்தாள். ஓடுகிறவரைப் பார்த்தாள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது; பார்த்ததைத்தான் சொன்னாள்.

"துணைக்கெல்லாம் யாரும் வரலடா. உங்கம்மாதான் பாவம் யாரோ ஒருத்தர வண்டில உட்கார வச்சு, நடந்தே கூட்டிட்டு வந்திருக்கா."